எச்சரிக்கையைத் தாண்டிச் சென்ற நாள்கள்



எங்கள் வீட்டுக் கணினி ஏறக்குறைய ஓராண்டுக் காலம் எங்களிடம் ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. உங்கள் இணைப்பு பாதுகாப்பானதன்று. இந்தத் தளம் தான் சொல்லிக்கொள்ளும் தளம்தானா என்பதை உறுதிசெய்ய இயலவில்லை. சிவப்பு முக்கோணமும் அதனுள் ஆச்சரியக்குறியுமாக அந்தப் பக்கம் திரையில் வந்து நிற்கும். நாங்கள் ‘மேம்பட்டவை’ என்னும் பொத்தானை அழுத்துவோம். அதன் கீழே சிறு எழுத்தில் ஒளிந்திருக்கும் ‘தொடர்க’ என்பதை அழுத்துவோம். எங்கள் அஞ்சல்பெட்டி திறந்துகொள்ளும். இவ்வளவுக்கும் மூன்று நொடி போதும். ஆறு வயதுப் பேத்திகூட அந்த இரண்டு அழுத்தல்களையும் கற்றுக்கொண்டிருந்தாள்.

எங்கள் குடும்பம் பழவேற்காட்டைச் சேர்ந்தது. வாப்பாவின் காலத்தில் மீஞ்சூருக்குக் குடிபெயர்ந்தோம். தொழில் மட்டும் ஏரியிலேயே நின்றுவிட்டது. ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து களி நண்டு எடுத்து, கயிற்றால் கட்டி, உயிரோடு சென்னை ஏற்றுமதியாளருக்கு அனுப்புவது எங்கள் வியாபாரம். நண்டு கொண்டுவருபவருக்கு நாங்கள் ரசீது கொடுப்பதில்லை. தராசில் நிற்கும் எடையை அவரும் பார்ப்பார், நாங்களும் பார்ப்போம். நோட்டில் ஒரு வரி விழும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கணக்குத் தீர்ப்போம். வாப்பாவை அவருடைய தகப்பனார் அறிவார். அவருடைய தகப்பனாரை எங்கள் பாட்டனார் அறிவார். ஏரியில் இன்று எந்த இடத்தில் யாருக்குப் பாடு என்பது குப்பம் முழுவதற்கும் தெரியும். அறியாத முகம் ஒன்று அங்கே வலை விரித்தால், கரையிலிருந்தே “யார் அது?” என்று குரல் எழும்பிவிடும்.

இப்படிப்பட்ட தொழிலில் இருந்த நாங்கள், கணினி “யார் அது?” என்று குரல் எழுப்பியபோது அதன் வாயை அடைத்தோம். எப்படி அந்தப் பழக்கம் வந்தது என்பதைச் சொன்னால்தான் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது பயன்படும்.

முதலில் வந்த எச்சரிக்கை முற்றிலும் நிரபராதமானது. கணினி பழையது, இரண்டாம் கையாக வாங்கியது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அதன் தேதி 2009 ஜனவரிக்குப் போய்விடும். தளங்களின் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாள் ஒன்றும் முடிவு நாள் ஒன்றும் உண்டு. 2009-இல் நின்றுகொண்டு பார்க்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். ஆகவே போகும் இடமெல்லாம் அது மறித்தது. தாய்ப்பலகையில் நாணயம் போல் இருக்கும் சிறிய மின்கலம் தீர்ந்துபோனதே காரணம். கடைக்காரர் அதை மாற்றிக் கொடுத்தார். விலை ஒரு வேளைத் தேநீர்ச் செலவுக்கு மேல் அதிகமில்லை. பழவேற்காட்டுச் சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்ப்பதற்கு நிழற்கடிகாரம் ஒன்று உண்டு. “அதற்கு மின்கலமே வேண்டாமே” என்று வாப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பினூடே ஒரு தவறான பாடம் எங்களுக்குள் இறங்கிவிட்டது: எச்சரிக்கை என்றால் கணினிக்குத்தான் ஏதோ கோளாறு.

இரண்டாவது எச்சரிக்கை எங்கள் வியாபார அஞ்சலில் வந்தது. காக்கா எங்கள் கடைப் பெயரில் ஒரு இணைய முகவரி வாங்கி, ஒரு சிறு நிறுவனத்தில் ஆண்டுக் கட்டணத்துக்கு இடம் எடுத்திருந்தார். எங்கள் பெயரில் உள்ள முகவரிக்குப் போனால், அங்கே காட்டப்பட்ட சான்றிதழில் எங்கள் பெயர் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. வீட்டு வாசலில் எங்கள் பெயர்ப்பலகை தொங்க, உள்ளிருந்து வந்தவர் வேறொருவரின் அடையாள அட்டையை நீட்டுவது போன்றது இது. உலாவி மறித்தது சரியே. காக்கா தொலைபேசியில் கேட்டார். “அது எல்லாருக்கும் வரும் சார், தொடர்க என்று கொடுத்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது” என்று மறுமுனையில் இருந்தவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் எங்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தது, காவல்நாய் குரைக்கும்போதெல்லாம் எழுந்து பார்க்காமல் புரண்டு படுக்கும் வழக்கத்தை.

பின்னர் உம்மாவின் சிகிச்சைக்காகக் காக்கா சென்னையில் ஒரு விடுதியில் நான்கு நாள்கள் தங்கினார். விடுதியின் வைஃபையில் இணைந்து, மடிக்கணினியில் வியாபார அஞ்சலைத் திறந்தார். சிவப்பு முக்கோணம் வந்தது. வழக்கம்போல் இரண்டு அழுத்தல்கள், கடவுச்சொல், உள்ளே போனார்.

அன்று அவர் கவனித்திருக்க வேண்டிய குறிப்பு ஒன்று இருந்தது. அதைப் பிற்பாடுதான் அறிந்தோம். ஒருமுறை நாம் தாண்டிச் சென்ற சான்றிதழை, குரோம் போன்ற உலாவிகள் சில நாள்களுக்கு நினைவில் வைத்திருக்கின்றன. அதே சான்றிதழ் மறுபடி வந்தால் உடனே மறிப்பதில்லை. முந்தின நாள் காலையில்தான் காக்கா அதே மடிக்கணினியில், மீஞ்சூர் வீட்டில், அதைத் தாண்டியிருந்தார். அப்படியிருக்க விடுதியில் ஏன் மறுபடி கேட்டது? வந்தது வேறு சான்றிதழாக இருக்கக்கூடும். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. சிவப்பு முக்கோணம் நேற்றைய முக்கோணத்தைப் போலவே இருந்தது.

மூன்று வாரம் கழித்து எங்கள் முகவரியிலிருந்தே ஏற்றுமதியாளருக்கு ஓர் அஞ்சல் போயிற்று. எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குச் செலுத்துங்கள் என்று. எங்கள் பழைய பட்டியல்களின் வடிவிலேயே, எங்கள் ஸலாமோடு. அவர் இரண்டு வாரத் தொகையை அந்த எண்ணுக்குச் செலுத்தினார். மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணுக்கு நாங்கள் அழைத்தபோது நாள்கள் கடந்திருந்தன. ஒரு சிறு பகுதியே முடக்கப்பட்டுத் திரும்பியது.

கடவுச்சொல் அந்த விடுதியில்தான் களவு போயிற்று என்று எவராலும் நிறுவ முடியவில்லை. வேறு வழியும் இருக்கலாம். நியாயமாகச் சொல்வதானால் அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் திறந்து கிடந்த கதவுகளில் ஒன்று அது. அதைத் திறந்து வைத்தவர்கள் நாங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. நண்டு பிடித்தவருக்கும் சான்றிதழுக்கும் என்ன சம்பந்தம்? அவருடைய கூலி எங்களிடம் இருந்த அமானத். உம்மா தம் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். “வாங்கியது நாம், எடை போட்டது நாம், கொடுக்க வேண்டியதும் நாம்தான்” என்றார்கள்; வேறொன்றும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகுதான், பொறியியல் படிக்கும் எங்கள் காக்காவின் மகன் ஒரு மாலைப் பொழுதில் எல்லாரையும் உட்கார வைத்து, அந்தச் சான்றிதழ் என்பது என்ன என்று விளக்கத் தொடங்கினான். ஒரு தளம் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டால் போதாது; அதற்கு ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சிக்கு மேலே இன்னொரு சாட்சி. அந்தச் சங்கிலியின் முடிவில் இருப்பவர், நம் கணினியிலோ உலாவியிலோ ஏற்கெனவே நம்பகமானவராக எழுதி வைக்கப்பட்ட பெயராக இருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும், இறுதிப் பெயர் அறியாத பெயராக இருந்தாலும், நாள் கடந்திருந்தாலும் உலாவி மறிக்கும்.

ஆலிமான எங்கள் சாச்சா அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, “வாப்பா, இது இஸ்னாத் அல்லவா?” என்றார்.

அவையில் யாரும் பேசவில்லை. ஏனெனில் அது அப்படியே பொருந்தியது. ஒரு ஹதீஸ் நம்மிடம் வரும்போது அதன் வாசகம் மட்டும் வருவதில்லை. இன்னாரிடம் இன்னார் கேட்டார் என்னும் ராவிகளின் சங்கிலியும் உடன் வருகிறது. சங்கிலி இடையில் அறுந்திருந்தால் அதை முன்கதிஃ என்று ஒதுக்கி வைத்தார்கள். ஒருவர் இன்னாரிடம் கேட்டேன் என்று சொன்னால், அவர் பிறந்த ஆண்டையும் மற்றவர் இறந்த ஆண்டையும் ஒப்பிட்டு, இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று பார்த்தார்கள். நாள் பார்க்கும் இந்தக் கண்டிப்பு எங்கள் கணினியின் தீர்ந்துபோன மின்கலத்தை நினைவூட்டியது. ஹிஜ்ரி 852-இல் மறைந்த இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ தொகுத்த ‘தஹ்தீபுத் தஹ்தீப்’ போன்ற நூல்கள் ஆயிரக்கணக்கான ராவிகளைப் பற்றிய குறிப்பேடுகள். இவர் யார், இவருக்கு யார் சாட்சி என்னும் கேள்வியை நம் முன்னோர் வெட்கத்துக்குரியதாகக் கருதவில்லை.

ஆனால் சாச்சாவே உடனே ஒரு வேறுபாட்டையும் பிடித்தார். “ராவியின் பெயர் தெரிந்தால் போதுமா? அவர் நேர்மையானவரா, நினைவாற்றல் உள்ளவரா என்றும் பார்த்தார்களே. உன் சான்றிதழ் அதைப் பார்க்கிறதா?”

“இல்லை சாச்சா. பெயரை மட்டும்தான் பார்க்கும்” என்றான் அவன்.

எங்களில் பலர் பூட்டுக் குறி இருந்தால் நல்ல தளம் என்று நினைத்திருந்தோம். அப்படியில்லை. மோசடிக்காரர் ஒருவர் வங்கியின் பெயரைப் போலவே ஒலிக்கும் ஒரு பெயரைப் பதிவு செய்து, அந்தப் பெயருக்கு முறையான சான்றிதழும் வாங்கிவிடலாம். 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு அவற்றைக் கட்டணமின்றியே அனைவருக்கும் வழங்குகிறது. அது பெரிய நன்மை. சிறு கடைகளுக்கும் மதரஸாக்களுக்கும் பாதுகாப்பான தளம் எளிதாயிற்று. அதே நன்மை திருடனுக்கும் கிடைக்கிறது. இந்தத் தவறான நம்பிக்கை பரவிவிட்டதால்தான் 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது. எச்சரிக்கை வந்தால் நிற்க வேண்டும். எச்சரிக்கை வராவிட்டாலும் பெயரை வாசிக்க வேண்டும்.

சாட்சி சொல்பவரே திருடனிடம் சாவியைப் பறிகொடுத்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது, வியப்புக்குரிய விதமாக, பழவேற்காட்டை ஆண்ட நாட்டிலிருந்தே வருகிறது. எங்கள் ஊரில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். தம் கம்பெனியின் முத்திரையிட்டு இங்கே நாணயமும் அச்சிட்டார்கள். முத்திரையைப் பார்த்து வணிகர்கள் நாணயத்தை வாங்கினார்கள். கோட்டை இன்று மேடாகிப் புதர் மண்டிக் கிடக்கிறது. கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. அந்த நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்றொரு சான்றளிக்கும் நிறுவனம் இருந்தது. 2011 கோடையில் அதன் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். அவற்றுள் கூகுளின் தளங்கள் அனைத்துக்கும் செல்லுபடியாகும் ஒன்றும் இருந்தது. ஊடுருவலை ஜூலையிலேயே அறிந்த நிறுவனம் அதை வெளியே சொல்லவில்லை.

அந்தச் சான்றிதழ் பயன்பட்ட இடம் ஈரான். ஏறத்தாழ 3 லட்சம் இணைய முகவரிகள், பெரும்பாலும் அந்நாட்டவை, ஜிமெயிலுக்குப் போவதாக எண்ணி இடையிலே நின்ற ஒருவரின் கைக்குள் போயின. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சாட்சி நம்பகமானவராகப் பட்டியலில் இருந்தாரே. ஆனால் குரோம் உலாவிக்கு மட்டும், கூகுளின் தளங்களுக்கு யார் சாட்சி சொல்லலாம் என்பது முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்டிருந்தது. அது மறித்தது. அப்படி மறிக்கப்பட்ட ஒரு ஈரானியர், ஆகஸ்டு இறுதியில், தமக்கு வந்த எச்சரிக்கையைக் கூகுளுக்கே எழுதி, இது என்ன என்று பொதுவில் கேட்டார். வேறொரு உலாவியில் திறந்து பார்த்துவிட்டு, வேலை செய்கிறதே என்று அவர் போய்விட்டிருக்கலாம். நாங்களாக இருந்தால் அதைத்தான் செய்திருப்போம். அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியிலிருந்து எல்லாம் வெளிப்பட்டது. செப்டம்பரில் அந்த நிறுவனம் திவாலாயிற்று.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2014 ஜூலை 2 அன்று, தன் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் கண்டது. அவற்றை வழங்கியது தேசியத் தகவலியல் மையம்; அதற்கு மேலே சாட்சியாக நின்றது சான்றளிக்கும் அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் என்னும் இந்திய அரசு அமைப்பு. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். வழங்கும் முறைக்குள் ஊடுருவல் நடந்துவிட்டதாக விளக்கம் சொல்லப்பட்டது. விண்டோஸ் அந்த அரசுச் சாட்சியை ஏற்றுக்கொண்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி அதைத் தன் பட்டியலில் ஒருபோதும் சேர்த்திருக்கவில்லை. எனவே அந்த மையத்தின் சான்றிதழ் பெற்ற அரசுத் தளங்களை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் நம்பகமற்றது என்ற எச்சரிக்கை வந்தது. படிவம் நிரப்பப் போன மக்கள் என்ன செய்வார்கள்? ‘தொடர்க’ என்று அழுத்தினார்கள். அரசின் தளத்தில் அழுத்திப் பழகிய விரல் வங்கியின் தளத்தில் தயங்குமா? எங்கள் குற்றத்தை மறைக்க இதைச் சொல்லவில்லை. ஆனால் மக்களுக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர்களில் மக்கள் மட்டும் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த நிகழ்ச்சிகளுக்குப் பின் ஏற்பாடுகள் இறுகின. 2018 ஏப்ரல் இறுதிக்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ்கள் யாவும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்று குரோம் விதித்தது. இரகசியமாக ஒரு போலியை உருவாக்குவது இப்போது முன்போல் எளிதன்று. சான்றிதழின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் புதுப்பிக்க மறந்துபோன தளங்களின் எச்சரிக்கையும் நமக்கு அடிக்கடி வரும்; அவற்றில் பெரும்பாலானவை வெறும் மறதிதான். மறதி எது, மோசடி எது என்று திரையைப் பார்த்து நம்மால் பிரித்தறிய முடியாது என்பதே சிக்கல்.

எங்கள் வீட்டில் இப்போது செய்வது மிகச் சாதாரணமானது. எச்சரிக்கை வந்தால் முதலில் தேதியும் நேரமும் சரியா என்று பார்க்கிறோம். அடுத்து, எந்த இணைப்பில் இருக்கிறோம் என்று பார்க்கிறோம். விடுதி, மருத்துவமனை, ரயில் நிலையம் ஆகிய இடங்களின் வைஃபையாக இருந்தால் அதைத் துண்டித்துவிட்டுக் கைப்பேசியின் சொந்த இணைப்பில் திறக்கிறோம். எச்சரிக்கை மறைந்துவிட்டால், கோளாறு அந்த இடத்தின் இணைப்பில் இருந்திருக்கிறது. அங்கே நுழைவுப் பக்கம் ஒன்று காத்திருந்து, அதனாலேயே மறித்திருக்கவும் கூடும். எப்படியும் அங்கே கடவுச்சொல் இடுவதில்லை. முகவரியை மீண்டும் எழுத்தெழுத்தாகத் தட்டுகிறோம். இவ்வளவுக்குப் பின்னும் மறித்தால், கடவுச்சொல், ஆதார் எண், வங்கி எண் கேட்கும் எந்தத் தளத்துக்குள்ளும் போவதில்லை. கடைசி நாளாக இருந்தாலும் சரி. ஒருமுறை பிள்ளையின் உதவித்தொகைப் படிவத்துக்குக் கடைசி நாளில் அப்படி நின்றுவிட்டோம், அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னோம், சான்றிதழ் முந்தின இரவு காலாவதியாகியிருந்தது, மாலைக்குள் சரிசெய்தார்கள். அன்று பகல் முழுவதும் வீட்டில் இருந்த பதற்றத்தை நாங்கள் மறைக்கப் போவதில்லை.

வியாபாரத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. வங்கி எண் மாற்றம் என்று யார் எழுதினாலும், பழைய எண்ணில் தொலைபேசியில் அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே பணம். ஏற்றுமதியாளரும் இதை ஒப்புக்கொண்டார். முதலில் அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. எங்களை நம்பவில்லையா என்று கேட்டார். உங்கள் பெயரில் வருபவரைத்தான் நம்பவில்லை என்று வாப்பா சொன்னார்.

எங்கள் அஞ்சலில் ஓராண்டு வந்துகொண்டிருந்த அந்த எச்சரிக்கையைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? சான்றிதழில் எழுதியிருந்த பெயர் எதுவோ அந்த முகவரியிலேயே அஞ்சலைத் திறந்தால் போதுமாக இருந்தது. காக்காவின் மகன் நான்கு நிமிடத்தில் முடித்தான். பிறகு எங்கள் பெயருக்கே கட்டணமில்லாச் சான்றிதழ் ஒன்றும் போட்டுக் கொடுத்தான். உம்மா தம் வளையலில்லாத கையைப் பார்த்தார்கள். பிறகு அவனுக்குத் தேநீர் எடுத்துவரப் போனார்கள்.

வாப்பாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. மின்கட்டணம் செலுத்தும்போது மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி, திரையின் மேலே உள்ள முகவரியை, மக்தபில் முதல் நாள் ஓத வந்த பிள்ளையைப் போல எழுத்துக்கூட்டி உரக்க வாசிக்கிறார்கள். பேத்தி பக்கத்தில் நின்று சரிபார்க்கிறாள். முடிய அரை நிமிடம் ஆகிறது. அதுவரை அடுப்படியிலிருந்து யாரும் அவர்களைக் கூப்பிடுவதில்லை.